ஞாயிற்றுக்கிழமை வீடு

பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் உள்ளே வரும் சரக்கைச் சோதிப்பது என் வேலை. வெளியே எங்கெங்கோ வார்த்து அனுப்பும் இரும்புப் பாகங்கள் லாரியில் வந்து இறங்கும். நான் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அவை எங்கள் கம்பெனிச் சொத்து. அதுவரைக்கும் அனுப்பியவன் சொத்து. சிலதை எடுத்து அளப்பேன், தட்டிப் பார்ப்பேன், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் சிவப்பு அட்டை கட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். சரக்கு அனுப்புகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் என்னை என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும். வாங்குகிறவளுக்குப் பார்க்கிற உரிமை உண்டு. பார்க்காமல் வாங்கிவிட்டுப் பிறகு உட்கார்ந்து அழுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

அப்பாவுக்கு என் வேலையைப் பற்றிப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. "எதப் பாத்தாலும் வேணாம்னு சொல்றதுக்கு ஒரு உத்தியோகம்" என்பார். அவர் கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து சுரங்கத்துக்கு வந்தாராம். அப்பா பிறந்தது, கல்யாணம் செய்துகொண்டது, அம்மாவைப் பறிகொடுத்தது எல்லாம் கம்பெனி கொடுத்த லைன் வீட்டில். அங்கே யாரும் வீட்டைத் தேடிப் போனதில்லை, பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. பெயர் வந்த லைனில் போய் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒழுகினால் ஆபீசில் சொல்ல வேண்டும். அவர்கள் வந்தால் வந்தார்கள், இல்லாவிட்டால் பாத்திரம் வைக்க வேண்டியதுதான். சுரங்கம் மூடிய பிறகு அவரை என்னோடு பெங்களூருக்கு அழைத்து வந்துவிட்டேன். அவரோடு அவருடைய இருமலும் வந்தது.

அந்த இருமலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுரங்கத்துக் கல்தூசி நுரையீரலில் படிந்து வந்த நோய். தொற்றாது, தீராது. காலையில் எழுந்ததும் ஒரு பாட்டம், குளித்து வந்து ஒரு பாட்டம், மழைக்காலமானால் கணக்கே கிடையாது. கூடத்தில் அவர் இருமினால் தெருவில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். தூசி பக்கம் போகவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இருக்கிற மூச்சைக் காப்பாற்றிக்கொள்ளலாம், போன மூச்சைத் திரும்ப வாங்க முடியாது என்றார்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இந்த விவரமெல்லாம் எதற்கு? முதல் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லிக் காலி செய்யச் சொன்னார்கள். இரண்டாவது வீட்டில், வெளிநாட்டிலிருந்து மகன் வருகிறான், அவனுக்கு வீடு வேண்டும் என்றார்கள். நாங்கள் சாமான் ஏற்றிய மறு வாரமே அங்கே வேறு ஒரு குடும்பத்தின் துணி காய்ந்துகொண்டிருந்தது. மூன்றாவது வீட்டுக்காரர் கொஞ்சம் நேர்மையானவர். டி.பி.யா என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டினேன். காகிதம் சரிதான், ஆனால் மாடியில் இருக்கிறவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்களே என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்பாவோ பாத்திரங்களை மூட்டை கட்டினார்.

அதிலிருந்து அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். புது வீடு பார்க்கப் போனால் வாசலுக்கு வருமுன்பே சட்டைப் பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் அடக்கிக்கொள்வார். கிராம்பின் காரம் இருக்கிற வரைக்கும் இருமல் கட்டுப்படும். அதற்குள் வீட்டைப் பார்த்து, பேசி, வெளியே வந்துவிட வேண்டும். நான்காவதாக ஜீவனஹள்ளியில் கிடைத்த வாடகை வீடு அப்படிக் கிராம்பு போட்டு வாங்கியதுதான். அங்கேயும் வீட்டுக்காரம்மா அப்பா இருமும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்த ஆரம்பித்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் வீடு விலைக்கு வந்தது. டீச்சர் எங்கள் மாதா கோயில்காரர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு அல்சூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். எங்கள் தெருவிலிருந்து நாலு தெரு தள்ளி அவருடைய வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு ஞாயிறு ரெண்டாம் பூசை முடிந்து கோயில் வாசலில் அவரும் அப்பாவும் தனியாக வெகுநேரம் பேசிக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்கு நடக்கும்போது அப்பா, டீச்சர் வீட்டை விற்கப் போகிறாராம், நமக்குத் தோதுப்படும், அடுத்த ஞாயிறு பார்த்துவிடலாம் என்றார். எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. ஒரு வேட்டி வேண்டும் என்றுகூட வாய்விட்டுக் கேட்காத மனிதர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. வாரத்தில் ஆறு நாள் விடிந்ததும் கிளம்பி, மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறி, பீன்யா போய் இருட்டிய பிறகு வருகிறவள் நான். எங்கள் ஆட்கள் எல்லோருக்குமே அப்படித்தான். பெண் பார்ப்பது, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்ப்பது, வீடு பார்ப்பது எல்லாம் ஞாயிறு பூசை முடிந்து, போட்ட நல்ல துணி கசங்குவதற்குள். வேறு கிழமையில் வீடு பார்க்க வருகிறேன் என்று சொன்னால் என்ன அவசரமோ என்று நினைப்பார்கள்.

வீடு எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. கீழ்த்தளம் மட்டும். ஒரு கூடம், இரண்டு அறை, சமையலறை, பின்னால் ஒரு கொய்யா மரம். முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார இடம். படி ஏற வேண்டியதில்லை. மேலே யாரும் இல்லை, ஆகவே ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லவும் யாரும் இல்லை. பிடித்துவிட்டது என்பதற்காக விட்டுவிடுகிறவளா நான்? தரையில் கோலிக்குண்டை உருட்டிப் பார்த்தேன். மொட்டை மாடியில் வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டி, எங்கே தேங்குகிறது என்று பார்த்தேன். தரைத்தொட்டி மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். குழாய், சுவிட்ச், ஜன்னல் கொக்கி ஒன்றையும் விடவில்லை. அலமாரியை நகர்த்தச் சொல்லிப் பின்சுவரில் ஈரம் இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன். டீச்சர் பொறுமையாக நின்றார். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தவர், அன்று தானே பரீட்சை எழுதுவதுபோல் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொய்யா மரத்துக்குப் பின்னால் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் உயரமாகத் தகரக் கொட்டகை. அது என்ன என்று டீச்சரைக் கேட்டேன். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "ஏதோ குடோன்மா" என்றார். டீச்சர் கொய்யா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரு அவ்வளவு அமைதி. வீடும் மரமும் கழுவி விட்டாற்போல் இருந்தன. சனிக்கிழமை ஆள் வைத்து அலசிவிடுவேன் என்று டீச்சர் சொன்னார். எங்கள் வீட்டிலும் சனிக்கிழமைதான் அலசுகிற நாள், அதனால் அதுவும் மனதில் நிற்கவில்லை.

அடுத்தடுத்து இன்னும் சில ஞாயிறுகள் போனோம். ஒவ்வொரு தடவையும் நான் ஏதாவது ஒன்றைச் சோதித்தேன், அப்பா வாயில் கிராம்போடு முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை உள்ளே இருந்து பார்த்தேன். கேட்டின் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். இங்கே பெயர்ப் பலகை மாட்டினால் உன் பெயரைப் போடுவாயா என் பெயரையா என்று பிறகு கேட்டார். உன் பெயரைத்தான் என்றேன். சந்தோஷமா என்று கேட்டதற்கு, அதெல்லாம் ஒன்றுமில்லை, சும்மாதான் கேட்டேன் என்றார்.

பத்திரங்களை ஒரு வக்கீலிடம் கொடுத்தேன். கோர்ட்டுக்கு அருகே ஒரு சின்ன அறையில் இருந்தார். பழைய பத்திரம், மாநகராட்சிச் சொத்துப் பதிவான காத்தா, வரி கட்டிய ரசீது எல்லாம் சுத்தம், யாரும் எங்கிருந்தும் கேள்வி கேட்டு வர முடியாது என்றார். அக்ரிமென்ட் போட நாள் பார்க்கலாம் என்று நான் எழுந்தபோது அவர் ஒன்று கேட்டார்.

"பேப்பர நான் பாத்துட்டேன் மேடம். வீட்ட நீங்க வொர்க்கிங் டேல ஒரு தடவ பாத்தீங்களா?"

நான் ஞாயிறு கணக்கைச் சொன்னேன். அவர் சிரித்தார். எங்கள் ஏரியாவிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான், பூசை முடிந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்றார். பிறகு சட்டத்தை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மறைந்திருக்கிற குறையை விற்கிறவர் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் வாங்குகிறவர் சாதாரணமாகக் கண்ணைத் திறந்து பார்த்தாலே தெரிகிற குறைக்கு விற்கிறவரைப் பிறகு பிடிக்க முடியாது. "பாக்கறது உங்க ரைட். பாக்காம விட்டா அதுவும் உங்க தலையிலதான்" என்றார். என் தொழிலை எனக்கே ஒருவர் சொல்லிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு இல்லை.

அன்றைக்கே டீச்சருக்குப் போன் செய்து, வேலை நாளில் ஒரு தடவை வீட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர், எப்போதும்போல ஞாயிற்றுக்கிழமையே வாங்களேன்மா என்றார். எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் அப்பாவிடம் சொன்னால் அவரும் அதையே பாடினார். டீச்சர் தப்பா நினைப்பாங்க, கோயில் ஆளு, வாராவாரம் முகத்தில் முழிக்க வேண்டும், இத்தனை தடவை பார்த்தது போதாதா, லீவு போட்டால் சம்பளம் போகும் என்று அடுக்கிக்கொண்டே போனார். இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் அவர் பேசிக் கேட்டு வருஷக்கணக்காகிறது. பேசி முடித்ததும் இருமினார். ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை டிபன் டப்பாவோடு வழக்கம்போலக் கிளம்பி, மெட்ரோவுக்குப் போகாமல் டீச்சர் வீட்டுத் தெருவுக்குப் போனேன்.

தெரு திரும்பும்போதே சத்தம் கேட்டது. கல்லில் இயந்திரம் இறங்குகிற கிரீச்சிடல். தகரக் கொட்டகையின் முன்பக்கம் அடுத்த தெருவில் இருந்தது. சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கல்லறைக் கல் வெட்டுகிற பட்டறை. கருங்கல் பலகைகளும் சிலுவைகளும் சுவரில் சாய்ந்து நின்றன. கல்லறைத் திருநாள் வரப்போகிற காலம், ஆளுக்கு ஒரு மூலையில் அறுத்துக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் இருந்தார்கள். முகத்தில் துண்டைக் கட்டியிருந்தார்கள். புருவம், தலைமுடி எல்லாம் வெள்ளை. கொட்டகையின் பின்பக்கம் மேலே திறந்திருந்தது. அந்த வழியாகத் தூசி எழும்பி, மதிலைத் தாண்டி, டீச்சர் வீட்டுக் கொய்யா மரத்தின் மேல் சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தது. இலைகளில் பச்சையே தெரியவில்லை. கேட்டின் மேல் விரலை வைத்து இழுத்தேன், கோடு விழுந்தது.

பட்டறைக்காரர்கள் மேல் எனக்கு அப்போதும் கோபம் இல்லை, இப்போதும் இல்லை. அவர்களும் எங்கள் கோயில் ஆட்கள்தான். ஞாயிற்றுக்கிழமை அவர்களும் பூசைக்குத்தான் வருகிறார்கள், அதனால்தான் அன்று சத்தம் இல்லை. பின்னாளில் அப்பாவின் கல்லையும் அங்கேதான் கொடுத்தேன். நன்றாகவே செய்து கொடுத்தார்கள்.

என் கோபமெல்லாம் டீச்சர் மேல். ஆட்டோ பிடித்து நேராக அல்சூர் போனேன். நடந்ததை எல்லாம் போகிற வழியிலேயே மனதுக்குள் கோத்துப் பார்த்தேன். ஞாயிறு மட்டும் காட்டியது, சனிக்கிழமை கழுவியது, குடோன் என்றபோது வாய் திறக்காமல் மரத்தைப் பார்த்தது. கதவைத் திறந்த டீச்சரை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். முன் வரிசையில் முட்டி போட்டு ஜெபம் சொல்கிறவர் செய்கிற வேலையா இது என்று கேட்டேன். நுரையீரல் கெட்ட ஒரு மனிதரைக் கல் அறுக்கிற கொட்டகைக்குப் பின்னால் குடிவைக்கப் பார்த்தீர்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன். உள்ளே மருமகள் டிவியின் சத்தத்தைக் குறைத்தது தெரிந்தது.

நான் மூச்சு வாங்க நின்றபோது, டீச்சர் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"உங்க அப்பா கிட்ட மொத நாளே சொல்லிட்டேனேம்மா. கோயில் வாசல்லயே சொன்னேன். பின்னாடி கல்லுப் பட்டறை, உங்க ஒடம்புக்கு ஆகாது, வேற பாருங்கன்னு."

அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"அவருதான் பொண்ணுக்குத் தெரிய வேணாம், ஞாயித்துக்கிழமையா பாத்துக் காட்டுங்கன்னாரு. கெஞ்சுனாரும்மா. நான் ஒத்துக்கிட்டிருக்கக் கூடாது. பத்திரம் உன் பேர்லதான வரப்போவுது, உன் கிட்டத்தான் சொல்லியிருக்கணும். தப்புதான்."

அவர் தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு கோயிலில் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கூடத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பகல் வேளையில் என்னைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. உரித்த பூண்டை ஒரு பக்கமும் தோலை ஒரு பக்கமும் ஒதுக்கிவிட்டு, "ரிஜெக்ட் பண்ணிட்டியா பாப்பா?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாக வேண்டுமென்றால் அதற்கு வீடு வாங்கித்தான் சாக வேண்டுமா என்று கேட்டேன். அம்மா போனது போதாதா என்று கேட்டேன். என்னை முட்டாளாக்கி ஒவ்வொரு ஞாயிறும் கோலிக்குண்டு உருட்ட வைத்து வேடிக்கை பார்த்தாயா என்று கேட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தூசியோடுதானே காலமெல்லாம் இருந்தேன், இது என்ன புதுசா என்று முதலில் மழுப்பினார். கதவை மூடிக்கொண்டால் வராது என்றார். நான் விடவில்லை, என்னிடம் ஏன் மறைத்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் பூண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சொந்த வூட்ல இருமுனா காலி பண்ணுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க இல்ல? என்னால நீ எத்தினி வூடுதான் மாத்துவ?"

எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழக் கூடாது என்று சமையலறைக்குப் போய் அழுதேன். மூச்சை விற்று அந்த வீட்டை வாங்கப் பார்த்திருக்கிறார் மனிதர். நான் சுவரில் ஈரம் தேடிக்கொண்டிருந்தபோது அவர் முன்வாசலில் உட்கார்ந்து, தனக்குக் கட்டுப்படியாகும் என்று முடிவு செய்திருக்கிறார். நான் பார்த்ததைவிட அவர் நன்றாகவே பார்த்துவிட்டார். எனக்கு அதை மன்னிக்கவே முடியவில்லை, இன்றைக்கும் முழுசாக மன்னித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

டீச்சர் வீட்டைப் பிறகு வேறு யாரோ வாங்கினார்கள். அவர்களுக்கு வேலை நாளில், இயந்திரம் ஓடும்போது காட்டியதாக டீச்சரே என்னிடம் சொன்னார்.

நாங்கள் மறுபடியும் தேட ஆரம்பித்தோம். இந்தத் தடவை விதிகளை நான் வைத்தேன். வேலை நாளில்தான் போக வேண்டும், லீவு போனால் போகட்டும். அக்கம்பக்கத்துத் தெருவெல்லாம் நடந்து பார்க்க வேண்டும். யார் எதைச் சொன்னாலும் என்னிடமும் சொல்ல வேண்டும். அப்பா சரி சரி என்றார். சில வீடுகள் எனக்குப் பிடிக்கவில்லை, சில வீடுகள் எங்கள் கைக்கு எட்டவில்லை. அப்புறம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு கன்னடக்காரரின் வீடு வந்தது. தரையோடு ஒரு சின்ன வீடு. ஒரு வியாழக்கிழமை போனோம்.

வாசலில் ஆட்டோ நின்றதும் நான் வழக்கப்படி அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தேன். அவர் கிராம்பை எடுக்கவில்லை. எனக்கு முன்னால் இறங்கி, எனக்கு முன்னால் கேட்டைத் திறந்து உள்ளே போனார். வீட்டுக்காரர் வணக்கம் சொல்லி வீட்டைக் காட்டத் திரும்பினார். அப்பா அவரை நிறுத்தி, தங்கவயல் கன்னடத்தில் ஆரம்பித்தார். எனக்கு இருமல் இருக்கிறது, சுரங்கத்தில் வந்தது, யாருக்கும் ஒட்டாது, ஆனால் சத்தம் பெரிதாக இருக்கும், காலையில் ரொம்ப இருக்கும், பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தொந்தரவு என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வீட்டுக்குள் வரவில்லை என்றார். அதோடு விட்டாரா? எப்படி இருக்கும் என்று தெரியட்டும் என்று ஒரு தடவை இருமிக் காட்டப் போனார். காட்டுவதற்கு ஆரம்பித்தது நிஜமாகவே பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரரின் மனைவி தண்ணீரோடு ஓடி வந்தார். அப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டு நின்ற எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அப்பாவுக்கு மூச்சு திரும்பும்வரை வீட்டுக்காரர் காத்திருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் தன் பக்கத்துக் குறைகளைச் சொல்ல ஆரம்பித்தார். குளியலறைப் பின்சுவர் மழைக்குக் கசியும், இரண்டு தடவை பூசியும் நிற்கவில்லை. கூட்ஸ் வண்டி போனால் பாத்திரம் ஆடும். கோடையில் போர்வெல் கைவிட்டுவிடும், டேங்கர்தான். அடுத்த தெருவில் கல்யாண மண்டபம், முகூர்த்த நாளில் தூக்கம் கிடையாது. மனைவி, எதிர்வீட்டு நாயை விட்டுவிட்டீர்களே என்று எடுத்துக்கொடுத்தார். இத்தனை வருஷத்தில் எந்த சப்ளையரும் என்னிடம் இப்படி ஒப்புக்கொண்டதில்லை. தூசி உண்டா என்று அப்பா கேட்டார். அது ஒன்று மட்டும் இல்லை என்றார் அவர். இருந்தாலும் அக்கம்பக்கத்துத் தெருக்களை நான் நடந்து பார்த்தேன். இன்னொரு நாள் லீவு போட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்தும் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

அந்த வீட்டைத்தான் வாங்கினோம். கேட்டில் அப்பாவின் பெயரைப் போட்டேன். குளியலறைச் சுவர் சொன்னபடியே கசிந்தது, நாய் சொன்னபடியே குரைத்தது. அப்பாவும் சொன்னபடியே இருமினார். கிராம்பை விட்டுவிட்டார், விடிந்ததும் முன்வாசல் நாற்காலியில் உட்கார்ந்து ஆசை தீர இருமினார். பக்கத்து வீட்டு அம்மா பூ விற்கிறவர், சொன்னால் சிரிப்பீர்கள், அப்பாவின் இருமலைக் கேட்டுத்தான் பாலுக்குக் கிளம்புவேன் என்பார்.

அப்பா அந்த வீட்டில் இரண்டு மழைக்காலம் இருந்தார். அவர் போனதை முதலில் கவனித்தது நான் இல்லை. ஒரு வேலை நாள், சமையலறையில் அவசர அவசரமாக டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பூக்கார அம்மா தனக்குத் தெரிந்த தமிழில் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, விடிஞ்சி இவ்ளோ நேரம் ஆச்சி, தாத்தா இன்னும் இருமலையே?"